கொம்பனியின் அமானிதம்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மழை விட்டு இரண்டு நாளாகியும் வானம் வெளிக்கவில்லை; சம்மாந்துறைப் பக்கம் வெட்டிய நெல்லைக் காயப்போட முடியாமல் ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கல்முனையில் ஒரு கணினிக் கடையில், பதினாறு நாட்களுக்குள் ஐந்தாவது தடவையாக, அதே கதிரையில் இருந்தேன். கடைக்குப் படிகள் ஒன்பது. ஏறி இறங்கி முழங்கால் களைத்துவிட்டது.

பக்கத்தில் பேத்தி. அவளுக்குக் கெம்பஸ் தொடங்கி மூன்று கிழமை. முதல் தவணைப் பாடங்கள் இணையத்தில் நடப்பதால், கண்ணாடி வெடித்த போனில் விரிவுரையைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறாள். தனக்கு வேண்டிய மடிக்கணினியை அவள் முதல் நாளே தெரிவுசெய்துவிட்டாள். முடிவெடுக்காதவன் நான்தான். கொம்பனி தரும் உத்தரவாதம் ஒரு வருடம். மேலும் பதினெட்டாயிரத்து ஐந்நூறு கட்டினால் மூன்று வருடம். படிப்போ நாலு வருடம். அந்த நாலாவது வருடம்தான் என் நித்திரையைக் கெடுத்தது. மேலதிக உத்தரவாதத் தாளில் எவையெவை அடங்கா என்று பதினேழு விடயங்கள் போட்டிருந்தார்கள். ஒன்பதாவது, ஈரக்காற்றால் இரும்பில் பிடிக்கும் கறள். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுப் படலையிலிருந்து கடலுக்கு இருநூற்றுப் பத்துக் காலடி.

"சேர், இண்டைக்காவது ஒரு முடிவு சொல்லுங்க. இந்த மொடல் இன்னும் ரெண்டுதான் கிடக்கு," என்றார் கடைக்காரர்.

"மூத்தவாப்பா, இது பழுதாகிறதுக்கு முந்தி நான் பழுதாகிருவன்," என்றாள் பேத்தி.

உத்தரவாதம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதை நான் முதலில் அறிந்தது ஒன்பது வயதில்.

என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு அப்போது பதினெட்டு. எஸ்.எஸ்.சி. சித்தியடைந்து, கல்முனையில் ஒரு மாஸ்டரிடம் தட்டச்சுப் பழகினார். அங்கே பொறி இரண்டு, பிள்ளைகள் பதினொரு பேர். ஆளுக்குக் கிடைத்தது கிழமைக்கு நாற்பது நிமிடம். அரசாங்கக் காரியாலயத்தில் தட்டெழுத்தாளர் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வாப்பா இருபத்திரண்டு மூட்டை நெல்லை விற்று, மட்டக்களப்பு ஏஜென்டிடம் புதுப்பொறி ஒன்றை எடுத்தார். பெண்பிள்ளைக்கு டைப்ரைட்டரா என்று பள்ளிவாசல் முன்றலில் ஆட்கள் சிரித்தும் அவர் மனம் மாறவில்லை.

பொறியைக் கொண்டுவந்த ஏஜென்டின் ஆள் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு வருடத்துக்கு எந்தப் பழுதுக்கும் கொம்பனி பொறுப்பு, கவனமாகப் பாவியுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப்போனார். வாப்பா பின்னேர அஸர் தொழுகை வரை அந்த அட்டையைக் கையில் வைத்து யோசித்தார். பிறகு உம்மாவிடம் தான் உடுத்திக் கழித்த பழைய சாரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, பொறியைச் சுற்றிக் கட்டினார்.

"ஒரு வருசத்துக்குக் கொம்பனி பொறுப்பெண்டா, அதுவரைக்கும் அது கொம்பனிட சாமான். நம்பி ஒப்படைச்ச அமானிதத்தில கை வைக்கலாமா?"

"அப்பிடி இல்ல வாப்பா. பாவிச்சாத்தானே பழுதிருக்கெண்டு தெரியும்."

"தெரியாம இருக்கிறது நல்லதுதானே மகள்."

வாப்பாவோடு இதில் கதைத்து வெல்ல முடியாது. யாரோ மறந்துவிட்டுப்போன குடையை நாலு வருடம் ஆணியில் மாட்டிவைத்து, தான் நனைந்துகொண்டு தொழப் போனவர் அவர்.

நாள் எண்ணும் வேலை எனக்குக் கிடைத்தது. பின்னேரம் தோறும் கலண்டரில் பென்சிலால் ஒரு கோடு. அதற்கு முன் வீட்டில் எனக்கென்று ஒரு பதவியும் இருந்ததில்லை. ராத்தா வந்து பார்ப்பார்.

"எத்தின நாள் போயிட்டு?" என்று கேட்டு, நான் சொன்னதும், "போனது கிடக்கட்டும். இன்னும் எத்தினடா?" என்பார்.

பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுத்துகளை வரைந்து மடியில் வைத்துக்கொண்டு தட்டுவார். விரல் மட்டும் ஓடும், சத்தம் வராது. "ராத்தாட டைப்ரைட்டர் ஊமை!" என்று நான் கத்துவேன். மட்டையாலேயே என் தலையில் ஒன்று விழும். எனக்கு அது விளையாட்டு.

இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள், அந்த வேலைக்கு விண்ணப்பம் அனுப்பக் கடைசித் திகதி. அதனுடன் தட்டும் வேகத்துக்கு மாஸ்டரின் கையெழுத்து வேண்டும். வேகம் போதாது என்று அவர் போடவில்லை. இருநூற்று எண்பத்தாறாம் நாள் ராத்தாவின் நிக்காஹ். ஊர் வழக்கப்படி வீடு அவருக்கு எழுதப்பட்டது; மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார்; நாங்கள் சமையல் நடக்கும் குசினிப் பக்க அறைக்குப் போனோம். பொறி மூலையில், சாரத்துக்குள், இருந்த இடத்திலேயே இருந்தது. நான் கோடு போடுவதை ஒரு நாளும் விடவில்லை.

வருடம் நிறைந்த மறுநாள் அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வந்து, எல்லோரையும் கூப்பிட்டு, வாப்பா முடிச்சை அவிழ்த்தார்.

"பிஸ்மில்லாச் சொல்லித் தட்டு மகள். இனி இது உன்ட சாமான்."

ராத்தா கடதாசியைச் செருகிவிட்டு நேரே சுவரைப் பார்த்தார். எழுத்துகளை ஒரு தடவையும் குனிந்து பார்க்கவில்லை. மெதுவாக, ஆனால் நிற்காமல் தட்டினார்.

"பாத்தியளா? ஒரு பழுதுமில்ல. கொம்பனிக்கும் நட்டமில்ல," என்று வாப்பா உம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த வருடந்தான் எனக்கு இங்கிலீசு தொடங்கியிருந்தது. கடதாசியை வாங்கி எழுத்தெழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தேன். அது அந்தக் காரியாலயத்துக்கு எழுதிய வேலை விண்ணப்பம். பெயர், வயது, படிப்பு, எல்லாம் சரி. ஒரே ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன்.

"ராத்தா, திகதி பிழை! அஞ்சு மாசத்துக்கு முந்தின திகதி போட்டிருக்கீங்க!"

"ஓம்டா, பிழைதான்," என்று அவர் கடதாசியை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு குசினிக்குள் போனார். அத்தனை வரிகளில் ஒளிந்திருந்த பிழையைப் பிடித்துவிட்டேன் என்று அன்று முழுக்கப் பெருமையாகத் திரிந்தேன்.

கடைக்காரர் மறுபடி கேட்டார். மேலதிக உத்தரவாதத்தையும் போடுங்கள் என்றேன். எழுபத்தொரு வயதுப் பயம் ஒரு காலையில் போய்விடாது. ஆனால் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. அங்கேயே உடைத்து, இப்போதே வேலையைத் தொடங்கச் சொன்னேன். பேத்தி என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு உறையைக் கிழித்தாள். பதினொரு மணி விரிவுரைக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. மடிக்கணினி இரண்டு இலட்சத்துப் பதினாலாயிரம், உத்தரவாதம் பதினெட்டாயிரத்து ஐந்நூறு. மொத்தம் இரண்டு இலட்சத்து முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.