பக்கத்து வீட்டுக் கூரை

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு அப்பா தகரத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பட்டப்பகலில், பிடுங்கிய ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு, ஏதோ சொந்தக் கூரை மாதிரி. கேட்காமல் ஒரு எலுமிச்சம்பழம் பறித்ததற்கு என் காதைத் திருகிய மனிதர் அவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பக்கத்து வீட்டுக்காரரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவேன். ரத்தச் சொந்தமில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் நாங்கள், அந்தப்பக்கம் அவர்கள், அந்தச் சொந்தம்தான். மறுநாள் காலையில் அவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறப் புறப்பட இருந்தார்கள். மாமாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. மலேசியாவில் எழுபதுகளின் தொடக்கம் அது. குடியுரிமை இல்லாத பலருக்கு வேலை பெர்மிட் கிடைக்காமல் போன சமயம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. எட்டு வயதில் எனக்குத் தெரிந்த தூரப் பயணம் ஈப்போ வரைக்கும்தான். அங்கே போனவர்கள் தீபாவளிக்குள் திரும்பிவிடுவார்கள்.

எங்கள் கூரை ஒழுகியது என்று சொன்னால் போதாது. வெளியே நின்ற மழை உள்ளே நிற்காது. தம்பி பிறந்து இரண்டு மாதம். நெஞ்சுச் சளி. ஈரம் படக்கூடாது என்று தானா ராத்தா டவுன் டாக்டர் சொல்லியிருந்தார். தோட்டத்து ஆசாரியிடம் போனால், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி எழுதித் தரட்டும் என்பார். கிராணியிடம் போனால் அடுத்த மாதம் பார்ப்போம் என்பார். அப்பா பிரிஞ்சாங்கிலிருந்து ஒரு சீன மேஸ்திரியை அழைத்துவந்தார். அவர் கேட்ட கூலியைக் காதில் வாங்கிக்கொண்டு, நல்ல தேத்தண்ணியாக ஒன்று கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். பிறகு தானே தார் பூசினார், சாக்கை அடைத்தார். மழை வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டது.

மாமா வீடு அப்படியில்லை. கிராணியிடம் நடந்து அலுத்துப்போய் மாமாவே மூன்று புதுத் தகரம் வாங்கி, காய்கறி லாரியில் ஏற்றிவந்து அடித்திருந்தார். அந்தத் தகரத்தைத்தான் அப்பா பிடுங்கிக்கொண்டிருந்தார்.

பையைப் போட்டுவிட்டு ஓடினேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் கடைசி நாள் கூடையோடு அத்தை வரிசையில் நின்றிருந்தார்.

"அத்தை, அப்பா உங்க கூரையப் பிய்க்கிறாங்க."

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்ற கிராணியைப் பார்த்தார். அத்தையின் முகம் வெளுத்துப்போனது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

கிராணி முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் வந்தோம். வந்து பார்த்தால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மாமா. காலடியில் எங்கள் வீட்டுத் துருப்பிடித்த தகரம். திருட்டுக்கு வீட்டுக்காரரே உடந்தையா என்று எனக்குத் தலை சுற்றியது. மாமா விட்டுப்போகிற வீட்டுக்கு எங்கள் பழையது, இருக்கிற வீட்டுக்கு அவருடைய புதியது என்று இரண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள்.

தன் காசில் வாங்கியது என்று மாமா பணிவாகத்தான் சொன்னார். கிராணி குரலை உயர்த்தவில்லை.

"கூரையில ஆணி அடிச்சாச்சுன்னா அது தோட்டத்துச் சொத்துலா. இருந்தபடி இருக்கணும். இல்லன்னா உன் பேப்பர்ல என் கையெழுத்து விழாது."

அந்தக் கையெழுத்து இல்லாமல் மாமா மறுநாள் லாரி ஏற முடியாது. அப்பா மறுபடி கூரை ஏறினார். புதுத் தகரம் மூன்றும் பழைய இடத்துக்கே போயின, துருப்பிடித்தவை எங்கள் கூரைக்கு. கடைசி ஆணி இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே அம்மா தம்பியின் தொட்டிலை அவிழ்த்து வேறு உத்தரத்தில் கட்டினார், அங்கேயும் சொட்டியது. இறங்கிவந்த அப்பா என்னைப் பார்த்துக் கையை ஓங்கினார். மாமாதான் குறுக்கே வந்து நின்றார்.

"விடுங்க மச்சான். புள்ள என் வீட்டுக்காகத்தான ஓடுச்சு."

அப்பா கையை இறக்கிக்கொண்டார். அத்தை தம்பியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டில் படுக்க வைத்தார். அன்றைக்கு மட்டும் அவன் நனையாமல் தூங்கினான்.

காலையில் லாரி வந்தது. லயமே கூடி நின்று அழுதது. அத்தை அழவில்லை. பெட்டியை ஏற்றினார், அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினார், வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கிராணி கையில் கொடுத்தார். எல்லோருக்கும் ஆறுதல் சொன்னதும் அவர்தான். அவருக்கு என் பங்குக்கு ஒரு நல்ல சேதி சொல்லலாமே என்று லாரிக்குப் பக்கத்தில் போனேன்.

"கவலப்படாதீங்க அத்தை. புதுத் தகரம் அப்படியே இருக்கு. நீங்க வர்ற வரைக்கும் வீடு ஒழுகாது."

அத்தை லாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். நான் மிரண்டுபோய் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தெரியவே இல்லை.