ஏழு கிளிச் சுமைதாங்கி

முப்பத்தேழாம் வருஷம் மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஏழரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். போக வேண்டிய ராஜபாளையம் அங்கிருந்து ஏழு மைல். பஸ்ஸுக்கு இரண்டணா. ஆனால் வழியில் ஏழு கிளிகள் செதுக்கிய சுமைதாங்கி ஒன்று இருப்பதாக நண்பர் சொல்லியிருந்ததால், எட்டணா பேசி ஜட்கா வைத்துக்கொண்டேன்.

எட்டரை மணி. மடவார்வளாகம் தாண்டியதும் வண்டி ஒரு சந்தில் திரும்பியது. இருபுறமும் புதிய ஓட்டு வீடுகள். நடுவே, ஆள் தோளுயரத்தில், இரண்டு கற்கால்களின் மேல் ஒரு குறுக்குக் கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் பிறர் உதவியின்றி இறக்கி வைக்க ஊருக்கு ஊர் நிற்பதுதான். இந்தக் கால்களிலோ கொடி ஏறுகிறது; ஒவ்வொரு இலையிலும் நரம்பு ஓடுகிறது. கோயில் மண்டபத்தில் இருக்க வேண்டிய வேலை.

குறுக்குக் கல்லின் மேல் நான்கு கிளிகளே இருந்தன. நாற்பது வயதுக்காரர் ஒருவர் நான்காவதன் கழுத்தில் உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்.

"செதுக்குனதும் அவியதான்," என்றார் வண்டிக்காரர், தணிந்த குரலில். "பொஞ்சாதி வயித்துப் பிள்ளையோட போயிட்டா. அப்படிப் போனவளுக்குச் சுமைதாங்கி நடணும்யா. நாலு பேரு சுமையை இறக்கி வச்சாத்தான் அவ பாரம் இறங்கும்பாக."

"பிறகு ஏன் உடைக்கிறார்?"

"கிளி மேல விறகுக்கட்டு நிக்குமா?"

கல்தச்சருக்கு அது கேட்டுவிட்டது. "அவளுக்குக் கிளின்னா உசிரு. அழகா இருக்கட்டும்னு வச்சேன்," என்றார், கையை நிறுத்தாமல். "மூணு வருசமாச்சு. வச்ச கட்டெல்லாம் சரிஞ்சு விழுது. ஒரு சுமைகூட நிக்கலைய்யா."

ஒன்பதே முக்காலுக்குக் கடைசிக் கிளி. உளியை வைத்தவர் எடுத்துவிட்டார். கல்லைத் துடைத்தார். மறுபடி வைத்தார். ஐந்தாம் அடியில் தலை விழுந்தது; பிறகு உடலையும் கொத்திக் கல்லைச் சமமாக்கினார்.

செண்பகத்தோப்புக் காட்டிலிருந்து விறகுக்காரி ஒருத்தி வந்தாள். கல்லைப் பார்த்ததும் ஒதுங்கி நடந்தாள்.

"தாயி, செத்த நேரம் இறக்கி வச்சிட்டுப் போ," என்றார் கல்தச்சர்.

"போதும் அண்ணாச்சி! போன மாசம் உங்க கிளி தள்ளிவிட்ட கட்டு விழுந்து, காலு வீங்கி நாலு நாளு கெடந்தேன். இனி அது கொத்த வேற செய்யணுமாக்கும்?"

"கிளியெல்லாம் பறந்துட்டு தாயி. பாரு."

அவள் தரையில் கிடந்த சில்லுகளைப் பார்த்தாள். கல்லை ஒட்டி நின்று கட்டைத் தலையிலிருந்து மெல்லத் தள்ளினாள். அது நின்றது. சும்மாட்டுத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சென்னையில் என் தெருமுனையில் குவிமாடம் வைத்த தண்ணீர்த் தொட்டி ஒன்று நிற்கிறது. யார் நினைவாகவோ கட்டியது; பலகையும் இருக்கிறது. நான் ஒருநாளும் நின்று படித்ததில்லை.

பத்து மணிக்கு வண்டியில் ஏறினேன். வண்டிக்காரர் குதிரையைத் தட்டவில்லை.

"பாரம் இறங்கிட்டா, தாயி?" என்று கேட்டார் கல்தச்சர். அவர் பார்த்தது கல்லை.

"இறங்கிட்டு அண்ணாச்சி," என்றாள் விறகுக்காரி.