சும்மா இருந்ததாகப் பதிவான தெரு

எங்க அம்மா முப்பது வருஷம் எறா உரிச்சா. காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் பின்னாடி ஒரு ஷெட்டுல, ஐஸ் தண்ணிக்குள்ள கையை விட்டு, தலையைக் கிள்ளி, ஓட்டை உரிச்சு, நரம்பை உருவி, கூடை கூடையா. எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஆனா ஒரு தரவுக் காப்பகத்துல, ஆராய்ச்சி பண்றவங்க எடுத்துப் படிக்கட்டும்னு பத்திரமா வெச்சிருக்கிற ஒரு கோப்புல, எங்க அம்மாவுக்கு நேரா 'வேலை எதுவும் இல்லை'ன்னு இருந்தது. அந்தப் பதிலைச் சொன்னது நான்தான். அதைச் சரி பண்ண நான் அலைஞ்ச கதை இது.

நான் ராயபுரத்துல ஒரு காலேஜ்ல சமூகவியல் சொல்லித் தர்றேன். கூடவே புள்ளியியல் தாளும் என் தலையில கட்டிட்டாங்க. பாடப்புத்தகத்துல கணக்குக்குக் குடுத்திருந்த ஊர் எதையும் நானும் பார்த்ததில்ல, என் வகுப்புப் பொண்ணுங்களும் பார்த்ததில்ல. ஒருநாள் வியாசர்பாடியில இருந்து வர்ற ஒரு பொண்ணு எழுந்து, "இந்த ஊரெல்லாம் நமக்கு இன்னாத்துக்கு மேடம்? நம்ம பக்கத்துல யாருமே வந்து கணக்கெடுக்கலியா?"ன்னு கேட்டா. சுருக்குன்னு இருந்தது. எடுத்திருப்பாங்கம்மா, தேடித் தர்றேன்னு வாய் விட்டுட்டேன்.

வாய் விட்டா ஆச்சா? தேடணுமே. பெரிய பெரிய நிறுவனங்க வீடு வீடா போய்க் கேட்டு எடுத்த விவரங்களை, பேரை மட்டும் எடுத்துட்டு, காப்பகங்கள்ல போட்டு வெக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். பாடம் நடத்தவும் ஆராய்ச்சிக்கும் இலவசமாவே தர்றாங்க. ஆனா நேரா போய் எடுத்துட முடியாது. யார் நீ, எதுக்கு வேணும், உன் காலேஜ் என்ன சொல்லுதுன்னு கேட்பாங்க. காலேஜ் கடிதத்துக்கு முதல்வர்கிட்ட போனேன். "எதுக்கும்மா இந்த வம்பு? சிலபஸ்ல இருக்கிறதை முடிங்க போதும்"னார். "முடிக்கிறேன் சார், கையெழுத்துப் போடுங்க"ன்னு மேஜை முன்னாடியே நின்னேன். மூணு நாள் போய் நின்னேன். நாலாவது நாள் என்னைப் பார்த்ததுமே பேனாவை எடுத்துட்டார்.

அதுக்கப்புறம் தேடல். 'வட சென்னை'ன்னு போட்டா ஒண்ணும் வரல. துறைமுகம்னு போட்டா கப்பல் வந்துச்சு, சரக்கு வந்துச்சு, மனுஷங்க வரல. மீனவர், குடிசை, முறைசாராத் தொழில், கடலோரக் குடியிருப்புன்னு ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் போட்டேன். ரெண்டு வாரம் ஆச்சு. கடைசியில ஒரு பழைய ஆய்வு மாட்டுச்சு. திருவொற்றியூர் பக்கம் ஒண்ணு, எண்ணூர் பக்கம் ஒண்ணு, காசிமேட்டுப் பக்கம் ஒண்ணுன்னு மூணு குடியிருப்பு. அடிச்சது யோகம்னு இறக்கிட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை, ஒரு கேள்விக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள்ள எண். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு சொல்றதுக்குத் தனியா ஒரு குறியீட்டுப் புத்தகம். சந்தோஷத்துல சரியா படிச்சுக்கூடப் பார்க்காம மறுநாளே வகுப்புக்குக் கொண்டு போயிட்டேன். தப்புதான்.

பொண்ணுங்களுக்கு ஒரே குஷி. அவங்க அவங்க ஊர்ப் பேரைப் பார்த்ததும் கணக்குன்னா ஓடறதுங்ககூட ஒட்டி உட்கார்ந்துச்சுங்க. அந்த வியாசர்பாடிப் பொண்ணு காசிமேட்டுக் குடியிருப்பை எடுத்துக்கிட்டா. அட்டவணை போட்டுட்டு, போர்டுல கடைசி வரியா, 'இந்தக் குடியிருப்பில் பெண்கள் வேலைக்குச் செல்வதில்லை'ன்னு எழுதினா. எழுதிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. கணக்கு சரிதான். ஒரு தப்பும் இல்ல. ஆனா காசிமேட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போறதில்லையா?

அப்போதான் குறியீட்டுப் புத்தகத்தை ஒழுங்கா படிச்சேன். 'மாதா கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள தெரு'ன்னு போட்டிருந்தது. எங்க தெரு. ஆய்வு எடுத்தது நான் ஏழாவது படிச்ச வருஷம். கோப்புல வரிசை வரிசையா இறங்கிக்கிட்டே போனேன். ஒரு வீட்டுல, பதில் சொன்னவர்: மகள், வயது பன்னிரண்டு. தகப்பன் துறைமுகத்துல மூட்டை தூக்கறவர். கீழ ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க, ரெண்டுக்கும் ஒரே வயசு. என் தம்பிங்க ரெட்டைப் புள்ளைங்க. தாய்க்கு நேரா, வேலை எதுவும் இல்லை.

எங்க தெருவுல கையில பேப்பரோட எவன் வந்தாலும் சொல்றதுக்கு ஒரே பதில்தான்: "அம்மா சும்மாதான் கீறாங்க." பேப்பரோட வர்றவன் குடிசையை இடிக்கறதுக்கு எண்ண வந்திருப்பான், இல்லன்னா ரேஷன் கார்டைப் பிடுங்க வந்திருப்பான். வேலைக்குப் போறோம்னு சொன்னா போச்சு, சர்க்கரையும் போயிடும், மண்ணெண்ணெயும் போயிடும். பேசக் கத்துக்கிற புள்ளைக்கே இதைச் சொல்லி வெச்சிருப்பாங்க. அதனால தெரு மொத்தமும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கு, வந்தவங்களும் அதை அழகா எண் போட்டு எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க. நானும் எல்லாரும் சொன்னதைத்தான் சொன்னேன்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். ஆனா சமாதானம் ஆகல. அம்மா விடிகாலையில எழுந்து போய், விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடிச்சு வருவா. அவளைச் சும்மா இருந்தவள்னு எழுதி வெச்சா எனக்கு எப்படிப் பொறுக்கும்?

காப்பகத்துக்கு எழுதினேன். இது எங்க வீடு, பதில் தப்பு, மாத்துங்கன்னு. மரியாதையாதான் பதில் வந்தது. போட்டு வெச்ச தரவை யாரும் திருத்தக் கூடாதாம், அது விதியாம். ஆனா அதே தெருவுல புதுசா ஒரு ஆய்வு எடுத்து, பதில் சொன்ன ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக் குடுத்தா, பழசுக்குப் பக்கத்துலயே வெப்பாங்களாம். பழசை எடுக்க வர்றவங்க இதையும் பாருங்கன்னு ஒரு குறிப்பும் போடுவாங்களாம். அவ்வளவுதானே? எடுத்துட்டா போச்சு.

ஒரு சனிக்கிழமை வகுப்பையே கூட்டிக்கிட்டு எங்க தெருவுக்குப் போனேன். பொண்ணுங்க கேள்வித் தாளும் அட்டையுமா வீடு வீடா ஏறி இறங்கினாங்க. மதியத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. வாங்கிப் பார்த்தா, அத்தனை தாள்லயும், 'சும்மாதான் இருக்கேன்.' ஒரு அக்கா கருவாட்டைப் பரப்பிக்கிட்டே சொல்லியிருக்காங்க, சும்மாதான் கீறேன்னு! அடப் பாவிங்களா, இத்தனை வருஷத்துக்கு அப்புறமுமா? எனக்கு வந்த கோவத்துக்கு அங்கேயே தாளைக் கிழிச்சிருப்பேன். வியாசர்பாடிப் பொண்ணுதான் விழுந்து விழுந்து சிரிச்சா.

"மேடம், எங்க வூட்டுலயும் இதான் சொல்லுவோம். வேலைன்னு கேட்டா எங்கம்மா வாயே தொறக்காது. நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து இன்னா பண்ணேன்னு கேளுங்க, மூச்சு உடாம சொல்லும்"னா.

எங்கே படிச்சாலும் கிடைக்காத புத்தி அது. அடுத்த வாரம் அட்டையைக் காலேஜ்லயே வெச்சிட்டுப் போனோம். முதல்ல, இது பாடத்துக்கு, ரேஷன் கார்டுக்கு இல்லன்னு சொன்னோம். அப்புறம் கீழே குந்தி, நேத்தைய பொழுதைக் கேட்டோம், வயசானவங்ககிட்ட அந்தப் பழைய ஆய்வு எடுத்த காலத்துப் பொழுதையும் கேட்டோம். கொட்டிட்டாங்க. எறா உரிச்சது, கருவாடு திருப்பிப் போட்டது, கிழிஞ்ச வலையைச் சரி பண்ணினது, வண்ணாரப்பேட்டைக் கடையில இருந்து துணி வாங்கிவந்து கூலிக்குப் பட்டன் கட்டினது. ஒருத்தி சொல்லி முடிச்சிட்டு, "யம்மா, நான் இவ்ளோ பண்றனா?"ன்னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டா. நாலு வாரத்துல தெரு முடிஞ்சுது, கையெழுத்தும் போட்டுக் குடுத்தாங்க. பாக்கி ஒரே ஒரு வீடு.

எங்க அம்மா அசையவே இல்ல. அவ இன்னும் அந்தத் தெருவுலதான் இருக்கா, நான்தான் கல்யாணம் ஆகித் திருவொற்றியூர் போயிட்டேன். பொண்ணுங்க போனா டீ போட்டுக் குடுத்தா, பிஸ்கெட் குடுத்தா, பதில் குடுக்கல. "கையெயுத்தா? போங்கடி. நாலு எயுத்து கையெயுத்துக்கு நாப்பது நாள் கோர்ட்டுக்கு அலைஞ்சவங்கள நான் பாத்துகீறேன்." அவ போடலன்னா மத்த எல்லா வரிசையும் திருந்தும், நான் கெடுத்த வரிசை மட்டும் அப்படியே கிடக்கும். நான் இதை ஆரம்பிச்சதே அதுக்காகத்தான்.

கடைசி ஞாயிறு நானே போனேன். வியாசர்பாடிப் பொண்ணும் இன்னும் ரெண்டு பேரும் கூட வந்தாங்க. அம்மா வாசல்ல உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சிக்கிட்டு இருந்தா. சுத்தி வளைக்காம சொல்லிட்டேன். "அம்மா, ரொம்ப வருஷம் முன்னாடி கணக்கெடுக்க வந்தாங்க. நீ சும்மாதான் இருக்கேன்னு நான் சொல்லிட்டேன். எல்லாப் புள்ளைங்களும் சொன்ன மாதிரிதான் சொன்னேன். அது இன்னும் அப்படியே இருக்கு, அதை மாத்தணும்."

அம்மா கீரையில இருந்து கண்ணை எடுக்கல.

"எல்லாப் புள்ளைங்களும் சொன்ன மாதிரியா? டபாய்க்காத. நான் அப்போதான் ஷெட்டுல இருந்து வந்து தட்டிக்குப் பின்னால கை கால் கயுவிகினு இருந்தேன். வந்தவன் கூட ஒரு பொண்ணு வந்துச்சு, இஸ்திரி போட்ட பொடவ கட்டிகினு. நீ அத்தயே பாத்துகினு நின்ன. மத்ததுங்க எல்லாம் பயந்துகினு சொல்லுச்சுங்க. நீ பயப்படல. நான் எங்க வெளிய வந்துடுவனோன்னு தட்டியத் திரும்பித் திரும்பிப் பாத்துகினே சொன்ன. எம்மேல எறா நாத்தம் அடிச்சிது இல்ல?"

இல்லம்மான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பக்கத்துல என் பொண்ணுங்க நிக்குதுங்க, எதிர்வீட்டு அக்கா கேட்டுக்கிட்டு இருக்காங்க. இத்தனை மாசமா முதல்வர்கிட்ட நின்னது, காப்பகத்தோட மல்லுக்கு நின்னது, எல்லாம் எதுக்குன்னு எனக்கே அப்போதான் உறைச்சுது.

"ஆமாம்மா. வெக்கமா இருந்துச்சு"ன்னேன். அழுதுட்டேன்.

"இத்த என்கிட்ட ஒரு தபா சொல்லிகீறியா? ஊர்ல கீறவனுக்கெல்லாம் லெட்டர் போட்டுகினு கீறே."

"சொல்லலம்மா."

"இப்போ வெக்கமா கீதா?"

"இல்ல. சத்தியமா இல்லம்மா."

அவ கீரைத் தட்டைத் தள்ளி வெச்சா. முந்தானையில கையைத் தொடைச்சுக்கிட்டா. "அப்போ இந்தப் பசங்கள உடு. நீ கேளு. சத்தமா கேளு, நாலு பேரு காதுல உழட்டும்."

நான் தரையில அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டேன், நீங்க என்ன வேலை செஞ்சீங்கன்னு.

"எறா உரிச்சேன். முப்பது வருசம். காய்ச்சல்லயும் உரிச்சேன், உன் தம்பிங்கள வவுத்துல வெச்சிகினும் உரிச்சேன். சும்மா குந்தின நாள் ஒண்ணும் கெடையாது. எயுதிகினியா?"

எழுதினேன். அப்புறம் ஒப்புதல் தாளை எடுத்து, எல்லார்கிட்டயும் சொல்ற விதியைச் சொன்னேன். "உன் பேரை எடுத்துடுவோம்மா. இது யார் சொன்னதுன்னு படிக்கிறவங்க யாருக்கும் தெரியாது."

"யாருக்குத் தெரியணுமோ அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு"ன்னா அம்மா. "பேனாவக் குடு."