ஆரோக்கியம்மாளுக்குப் புரையேறிய ஆறு மாதம்

விடிவதற்குள் மல்லிகைக் கொல்லையில் இறங்கிவிடுவாள் ஆரோக்கியம்மாள். மொட்டு விரிவதற்கு முன்பே பறித்தாக வேண்டும். கறம்பக்குடிப் பக்கத்தில் அவளைப்போல் வேகமாகப் பறிக்க ஆளில்லை. அவளைப்போல் பேசவும் ஆளில்லை. கணவன் இறந்த பிறகு அந்தக் கையையும் வாயையும் வைத்தே மகன் பிராங்க்ளினைப் படிக்கவைத்தாள். அவன் டிப்ளமோ முடித்து, கோயம்புத்தூரில் வெண்டிலேட்டர் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தான். ஊரில் யாராவது கேட்டால், "டாக்டருக்கே மெஷின் சொல்லிக்குடுக்குறவன்" என்பாள். அதில் பாதி உண்மை.

போன வருஷம் ஜூனில், கொல்லையில் வைத்துக் கட்டுவிரியன் கடித்தது. விஷம் மூச்சை நிறுத்திவிட்டது. பத்தொன்பது நாள் தொண்டைக்குள் குழாயும் வெண்டிலேட்டருமாகக் கிடந்தாள். ஓடிவந்த பிராங்க்ளின் மெஷினின் எண்களைத்தான் முதலில் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. காற்று கசியாமலிருக்கக் குழாயைச் சுற்றி ஒரு சிறு பலூன் ஊதப்பட்டிருக்கும். அதன் அழுத்தம் எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை.

அம்மா பிழைத்தாள். ஜூலையில் வீட்டுக்கு வந்தாள். பிராங்க்ளின் ஒரு வாரம் கூட இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

தினமும் சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன் வரும். பேச்சுக்கு நடுவே ஒரு வாய் டீ குடிப்பாள், இருமல் பிடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு அமிர்தவல்லி அவள் உச்சந்தலையில் தட்டுவது போனிலேயே கேட்கும்.

"யாரோ நெனைக்கிறாக, ஆரோக்கியம்."

"வேற யாரு? எம் மருமக சுகுணாதான். இந்தக் கெழவி இன்னும் போகலையான்னு நெனைச்சிருப்பா."

சுகுணா பிராங்க்ளினிடமிருந்து போனை வாங்கிக்கொள்வாள். "ஆமா அத்தை. இன்னும் ரெண்டு தடவ நெனைக்கட்டுமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். பிராங்க்ளினும் சிரித்தான். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள். அவன் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை புரையேறியது. அதில் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அவ்வளவு தடவை அவன் அவளை நினைக்கத்தான் செய்தான்.

ஆரோக்கியம்மாள் தனக்குத்தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீரைக் குறைத்தாள். ரசத்தையும் மோரையும் விட்டாள். சோற்றைக் கெட்டியாகப் பிசைந்து உருண்டை உருண்டையாக விழுங்கினால் இருமல் அவ்வளவாக வரவில்லை. சளிக்கு மருந்து வாங்கினாள். காசநோய் இருக்கிறதா என்று பார்த்ததில் இல்லையென்று வந்தது. இளைத்துப்போனதை யாராவது சொன்னால், "செடிக்குள்ள நொழைஞ்சு வர இதுதான் தோது" என்பாள்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது பிராங்க்ளின் அவளை எதிரில் உட்கார்ந்து பார்த்தான். டீ குடித்தாள், இருமினாள், துணியில் துப்பினாள். துணியில் சளியோடு டீயும் இருந்தது. அதை வாங்கி விரித்துப் பார்த்தான்.

"எச்சித் துணியில என்னடா பாக்குற?"

"எம்புட்டு நாளா இப்படி வருது?"

"நீ அங்கிட்டுப் போனதுலேர்ந்து."

மறுவாரம் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். மூச்சுக்குழாய்க்கும் அதன் பின்னால் ஒட்டிக் கிடக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் ஓட்டை. பத்தொன்பது நாள் அழுத்திய பலூன் அந்த மெல்லிய சுவரை அரித்திருந்தது. அப்போது அவள் எடை முப்பத்தெட்டு கிலோ.

"இப்பத் தைச்சா நிக்காதுங்க" என்றார் அறுவை மருத்துவர் மணிமேகலை. "ஒடம்பு தேறணும். நெஞ்சுச் சளி கொறையணும். அதுவரைக்கும் வாய்வழியா எதுவுமே கூடாது. எச்சிலக்கூட துப்பிடணும்."

வயிற்றில் துளையிட்டுச் சிறுகுடலுக்குள் ஒரு குழாய் வைத்தார்கள். அதன் வழியே ஆறு வாரம் கஞ்சியும் சத்துமாவுக் கரைசலும் போயின. மடியில் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு எச்சிலைத் துப்பியபடி ஆரோக்கியம்மாள் மருமகளிடம் சொன்னாள்: "ஒரு வகையில நல்லதுதான். ஒன் கொழம்புலேர்ந்து தப்பிச்சேன்."

நாற்பத்து மூன்று கிலோ ஆனதும் அறுவை செய்தார்கள். ஐந்து மணி நேரம். கழுத்தின் முன்பக்கம் திறந்து இரண்டு குழாய்களையும் பிரித்தார்கள். மூச்சுக்குழாயில் கெட்டுப்போன துண்டை வெட்டியெடுத்து, மிச்ச முனைகளை இணைத்தார்கள். உணவுக்குழாயின் ஓட்டையை இரண்டு அடுக்காகத் தைத்தார்கள். இரு தையலும் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமலிருக்கக் கழுத்துத் தசையில் ஒரு பட்டையைத் திருப்பி நடுவில் வைத்தார்கள். தலையை நிமிர்த்தினால் புது இணைப்பு இழுபடும் என்பதால் மோவாயை மார்போடு சேர்த்து ஒரு தையல். அப்படியே ஒரு வாரம் கிடந்தாள்.

"சாமியார் முன்னாடிகூட நான் இம்புட்டு நேரம் தலை குனிஞ்சதில்லடா" என்றாள், குரல் எழாமல் வெறும் காற்றாகவே.

பத்தாம் நாள் ஒரு மருந்துத் திரவத்தை விழுங்கவைத்து எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். அது கோடு போட்டதுபோல் நேராக வயிற்றுக்கு இறங்கியது. பக்கவாட்டில் ஒரு சொட்டும் கசியவில்லை. அன்று மத்தியானம் அரை டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். நிதானமாகக் குடித்தாள். இருமல் வரவில்லை. டம்ளரைச் சுகுணாவிடம் நீட்டி இன்னும் கேட்டாள்.

பதினான்காம் நாள் காய்ச்சல் வந்தது. ஆறு மாதமாகச் சோறும் எச்சிலும் இறங்கிய நுரையீரலின் அடிப்பாகம் ஏற்கெனவே புண்ணாகியிருந்தது. ஆறு வார ஓய்வு அதற்குப் போதவில்லை. மருந்தை இரண்டு முறை மாற்றிப் பார்த்தார்கள். பத்தொன்பதாம் நாள் காலையில் ஆரோக்கியம்மாள் இறந்துபோனாள்.

மணிமேகலை பிராங்க்ளினைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவன் நின்றான்.

"தையல் எங்கயும் விடலைங்க. கடைசிவரைக்கும் நல்லா புடிச்சிருந்துச்சு. நுரையீரல்தான் தாங்கல."

"ஆகஸ்டுலயே கூட்டிட்டு வந்திருந்தா?"

"இதே ஆபரேஷன்தாங்க பண்ணியிருப்போம்" என்றார். "நெஞ்சு அப்ப இவ்வளவு கெட்டிருக்காது."

வெளியே சுகுணா அத்தையின் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஆபரேஷன் நல்லபடியா நடந்துச்சாம்" என்றான் பிராங்க்ளின்.