எனக்கு இருக்கக் கூடாது என்று கேட்டேன்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. நான் சேரன்மகாதேவியில் பள்ளி ஆசிரியை. எங்கள் அம்மா மார்புப் புற்றுநோயில் போனார்கள். மூன்று வருஷத்துக்கு முன் தை மாதம் என் அக்கா கிரேஸுக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்றார்கள். இடிந்துபோனேன்.

பாளையங்கோட்டையில் அக்காவைப் பார்த்த டாக்டரம்மா மரபணுப் பரிசோதனை எடுத்தார். "இது உங்க குடும்பத்துல வழிவழியா வர்ற மரபணுக் கோளாறு. தங்கச்சிக்கும் இருக்கான்னு பாத்துக்கிடணும்" என்றார்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தடுத்தார். "ஏட்டி, அதெல்லாம் வேண்டாம். வெளிய தெரிஞ்சா எம்பிள்ளைகள யாரு கட்டுவா?"

கீமோ ஏற்றிப் படுத்திருந்த அக்காதான் என் கையைப் பிடித்தாள். "எனக்கு முன்கூட்டித் தெரியாமப் போச்சு. நீ போய்ப் பாருட்டி."

ரத்தம் கொடுத்தேன். முடிவு வரும்வரை ஒரே ஜெபம்: "ஆண்டவரே, எனக்கு இருக்கக் கூடாது."

இருந்தது.

ஆண்டவர்மேல் எனக்குக் கோபம். நாலு ஞாயிறு ஆலயத்துக்குப் போகவில்லை. பிறகு ஒருநாள் பள்ளிவிட்டு வந்து, மாற்றுச்சேலைகூட உடுத்தாமல் முழங்காலில் நின்றேன். "செய்ய வேண்டியதைச் செய்யப் பெலன் தாரும்" என்று மட்டும் கேட்டேன். மறுநாளே டாக்டரம்மாவிடம் போனேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கோளாறு இருப்பதால் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டரம்மா. ஆவணியில் ஆபரேஷன். எடுத்ததைப் பரிசோதித்துவிட்டுக் கூப்பிட்டார். "கருக்குழாயில சின்னதா ஆரம்பிச்சிருந்துது. ஸ்கேன்ல தெரியாது. பரவல. அதோட போயிட்டு."

அவர் மேசையிலேயே தலைகவிழ்ந்து அழுதேன். 'எனக்கு இருக்கக் கூடாது' என்று ஜெபித்ததோடு நிறுத்தியிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. அது உள்ளேயே வளர்ந்திருக்கும்.

செய்தி கேட்டு மாமா வீட்டுக்கு வந்தார். "ஆம்பளைக்கும் இது இருக்குமாட்டி?" என்று கேட்டார். "இருக்கும் மாமா. பிள்ளைகளுக்கும் போகும்." மறுவாரமே ரத்தம் கொடுத்தார். அவருக்கு இல்லை. அன்றைக்கு அவர் ஏறெடுத்த ஸ்தோத்திரத்தை நான் மறக்கமாட்டேன்.

அக்கா சிகிச்சை முடிந்து, இப்போது பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறாள். நான் வருஷாவருஷம் மார்புக்கு ஸ்கேன் எடுக்கிறேன். பயத்தோடு போகவில்லை.

உங்கள் குடும்பத்தில் ரெண்டு மூணு பேருக்கு இந்த நோய் வந்திருந்தால் மறைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். கூசாமல் ஜெபியுங்கள், ஜெபித்துவிட்டுப் புறப்படுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களோடும் வருவார். அவருக்கே மகிமை.