அத்தையின் ராஜாவுக்கு இரண்டு கட்டம்

எலி பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கிடங்கோ ஆஸ்பத்திரியோ, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். சுண்டுவிரல் நுழையும் இடுக்கு கிடைத்தாலும் கம்பிவலை திணித்து, சிமென்ட் பூசிவிட்டுத்தான் எழுவார். அப்படிப்பட்ட மனிதர் மாமியாரிடம் பதினெட்டு வருடமாக ஒரு செஸ் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

மாமியார் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய் நிறைய மாப்பிள்ளை என்பார். பலகை முன்னால் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. இவரும் சளைத்தவரல்ல. எத்தனையோ முறை அத்தையின் காய்களை வழித்தெடுத்து, ராஜாவை மூலையில் தனியாக நிறுத்தியிருக்கிறார். அங்கேதான் தொழில்புத்தி குறுக்கே வரும். ராணியைக் கொண்டுபோய்க் கடைசி இடுக்கையும் அடைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்துவார்.

"செக் வச்சீங்களா, மாப்பிள்ளை?"

"இல்லையே, அத்தை."

"நான் நகர இடம் இருக்கா?"

"எங்க இருக்கு? எல்லாத்தையும் அடைச்சாச்சே!"

"அப்ப ஸ்டேல்மேட். டிரா. கை கழுவிட்டு சாப்பிட வாங்க."

இந்த நிலையில்தான், அத்தை மூத்த மகளின் ஊருக்கே போய்விடுவது என்று முடிவானது. மாப்பிள்ளைக்கோ சோறு இறங்கவில்லை. போவதற்குள் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தாக வேண்டும். வியாழக்கிழமை மறுபடியும் டிரா ஆனதும் அத்தைக்கே பொறுக்கவில்லை.

"வழியில்லாம நின்னா எலிதான் மாட்டும், மாப்பிள்ளை. என் ராஜா தப்பிச்சுக்கும். செக் வைக்கிற வரைக்கும் அது நடமாட ஒரு இடம் விட்டு வைங்க."

ஞாயிறு காலை. பெட்டிகள் வாசலுக்குப் போய்விட்டன. கடைசி ஆட்டத்திலும் அத்தையின் ராஜா மூலையில் தனியாக நின்றது. மாப்பிள்ளையின் கை தன் ராணியைத் தூக்கி, மூலையிலிருந்து குதிரை தாவும் தூரத்துக்குக் கொண்டுபோனது. வைத்திருந்தால் பழைய கதைதான். கை அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரு கட்டம் தள்ளி வைத்தார். இப்போது அத்தையின் ராஜாவுக்கு உலாவ இரண்டு கட்டம் இருந்தது.

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

இனி மாப்பிள்ளையின் ராஜா நடந்துவந்து ராணிக்குத் துணை நின்றால் போதும். நாலைந்து அடி. ஆனால் அது இரண்டடி வந்தது, பக்கவாட்டில் போனது, திரும்பிப் பின்னால் நடந்தது. அத்தையின் ராஜா மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்குமாக அலைந்தது. வாசலில் டாக்சி இரண்டு தரம் ஹாரன் அடித்தது.

"எங்க போறீங்க, மாப்பிள்ளை? வழி இந்தப் பக்கம்."

"தெரியும், அத்தை."

அத்தைக்குப் புரிந்துவிட்டது. பலகைக்கு மேலாகக் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"முடிங்கப்பா. நான் போகணும்."

அவர் முடித்தார். ராணியை வைத்த கட்டம் அவருக்கே சரியாகத் தெரியவில்லை. கண் அப்படிக் கலங்கியிருந்தது.

"செக்மேட்தான்," என்று அத்தைதான் சொன்னார்.