பின் சீட்டுக்கு அடியில் இருந்த எண்

என் தங்கை போராடி வாங்கியவை: ஆண்கள் மட்டும் வேலை பார்த்த டிங்கர் பட்டறையில் ஓர் இடம், அங்கே உள்தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை, காட்டில் முப்பத்தொரு கார்களைத் தள்ளியவனே அவற்றைத் திரும்ப இழுத்துப் போகும்படி ஓர் உத்தரவு. பள்ளி வாசலை மிதிக்காமல் இத்தனையும். ஒரு பிள்ளையைத்தான் படிக்க வைக்க முடியும் என்றார் அப்பா. மூத்தவன் என்று என்னை அனுப்பினார். நான் எட்டாவதோடு நின்றேன்.

பழைய காருக்குக் கதவோ மட்கார்டோ புதிதாகக் கிடைக்காது. ஞாயிறுதோறும் அதைத் தேடிக் காட்டுக்குள் போவாள். துணைக்கு நானும் போவேன். மண்பாதையிலிருந்து என் காலடிக்கு நானூற்றுப் பத்து அடி தள்ளி அந்தக் கார்கள் கிடந்தன. கூரையைத் துளைத்து மரம் வளர்ந்த கார், ஸ்டீயரிங்கில் குளவிக்கூடு கட்டிய கார். எதிலும் எஞ்சின் இல்லை. கறுப்பு ஆயில் ஓடைவரை வழிந்திருந்தது. கதவை விரலால் தட்டியே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் ஒரு காரின் முன்பக்கம் குனிந்தவள் கத்தினாள்.

"அண்ணே, இங்க பாரு! சேசிஸ் நம்பரை கிரைண்டர் வெச்சுத் தேய்ச்சிருக்கானுங்க. துரு தின்னா இப்படியா வழவழன்னு இருக்கும்?"

முப்பத்தொன்றிலும் அதே கதை. பழைய கார்களை நசுக்க உரிமம் வாங்கிய யார்டு ஒன்றுதான் இங்கே உண்டு. எஞ்சினை விற்றுவிட்டு, நசுக்கும் செலவை மிச்சம் பிடிக்கக் கூட்டைக் காட்டில் எறிந்திருக்கிறார்கள். பட்டறையில் இதைச் சொன்னாள். யார்டு முதலாளி காதுக்குப் போனது. அவன் முந்திக்கொண்டான்: கார்களைத் திருடி உடைத்துப் போட்டது இவள்தான் என்று வன அலுவலகத்தில் புகார்.

அங்கே அவனுக்கு நாற்காலி. நாங்கள் நின்றோம். அதிகாரி ஒரு தாளையும் மைப்பெட்டியையும் தள்ளினார்.

"ரேகையை வெச்சிட்டுப் போம்மா. சின்ன அபராதம்தான்."

நான் வாங்கி வரிவரியாகப் படித்தேன். 'எல்லாம் நானே செய்தேன்' என்று அவள் ஒப்புக்கொள்வதாக இருந்தது. வைத்தால் பட்டறை வேலை போகும், காலத்துக்கும் திருடி.

"வெக்க மாட்டேன்," என்றாள்.

முதலாளி சிரித்தான். "கைநாட்டுக்கு வாயப் பாரு!"

"கைநாட்டுதான். ஆனா உங்களுக்குக் கார் தெரியாது முதலாளி. முன்னால தேய்ச்சீங்க. பின் சீட்டுக்கு அடியில அதே நம்பர் இன்னொண்ணு அடிச்சிருக்கு. அதை மறந்துட்டீங்களே!"

பையிலிருந்து முப்பத்தொரு தாள்களை மேசையில் போட்டாள். எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தவை. அதிகாரி யார்டின் பதிவேட்டை வரவழைத்தார். முப்பத்தொன்றும் 'நசுக்கப்பட்டது' என்று அதில் இருந்தன. முதலாளி எழுந்து நின்றான்.

"புகாரா எழுதிக் கொடுங்க," என்றார் அதிகாரி, இப்போது 'ங்க' போட்டு. "ஆனா ரேகை வேணாம். யாரோ விரலைப் புடிச்சு வெச்சாங்கன்னு இந்த முதலாளியே கோர்ட்ல சொல்வாரு. அண்ணன் கையெழுத்துப் போடட்டும்."

"கண்டுபுடிச்சது நான். அவரு எதுக்குப் போடணும்? எனக்கு ஒரு வாரம் குடுங்க சார்."

தன் பெயரை என்னிடம் எழுதித் தரச் சொன்னாள். தந்தேன். அந்த வாரம் முழுக்கப் பட்டறைத் தகரத்தில் சாக்கட்டியால் எழுதி எழுதி அழித்தாள். "புது மருமக கோலம் போடுறா!" என்று சிரித்த பட்டறை ஆள் ஒருவனிடம், "உன் பேரையும் போடவா, புகார்ல?" என்றாள். அவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

எட்டாம் நாள் அதே மேசை. யாரும் நாற்காலி தரவில்லை. அவளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பல்லைக் கடித்து அழுத்திய அழுத்தத்தில் கடைசி எழுத்தில் புகார்த் தாள் கிழிந்தது. என் தங்கை முதன்முதலாகத் தன் கையெழுத்தைப் போட்ட தேதி: 2011 மார்ச் 9, புதன்கிழமை.